இளவேனில் எழுதிய ஒரு வரி

இளவேனிலைக் கண்டால் எனக்கு வயிறு எரியும். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சின்னாளப்பட்டித் தறிக்காரர் மகள். பி.காம். முடித்து, கம்ப்யூட்டர் சென்டரில் ஆறு மாதம் படித்துவிட்டு, 2003-இல் எங்கள் திருமணத் தகவல் மையத்துக்கு வந்தாள். நான் அங்கே பதினாறு வருடமாக வரன் பாரம் எழுதுகிறவன். படிப்பு ஐந்தாம் வகுப்பு; ஆனால் என் எழுத்தில் ஒரு அடித்தல் திருத்தல் இருக்காது. முதலாளி அருளப்பன் வெப்சைட் ஆரம்பித்ததும் அவளுக்குச் சுழல் நாற்காலி, அதுவும் மின்விசிறிக்கு நேர் கீழே. எனக்கு அதே பழைய முக்காலி.

வந்த பாரங்களை அவள் கம்ப்யூட்டரில் ஏற்றுவாள். ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் பக்கம் முழுக்க இங்கிலீஷில் பிழை பிழை என்று வரும். கிறிஸ்தவ வீடுகளில் நட்சத்திரம் எழுத மாட்டார்கள்; அதற்கும் வந்தது. உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன். இரண்டே நாளில் சரி பண்ணிவிட்டாள். ஆறு வரியில் எழுதுவதை ஒரே வரியாகச் சுருக்கினாளாம். கட்டத்தில் ஏதாவது இருக்கிறதா என்று ஒரு கேள்விக்குறி. இருந்தால் அதைக் காட்டு. பிறகு மேலும் கீழுமாக இரண்டு புள்ளி. இல்லாவிட்டால் இதைக் காட்டு. அம்புட்டுத்தான். நட்சத்திரத்துக்கு 'பார்ப்பதில்லை' என்று வைத்தாள். அருளப்பன் வருகிறவர் போகிறவரையெல்லாம் கூப்பிட்டு அந்த வரியைக் காட்டினார். என் எழுத்தை ஒருநாளும் யாருக்கும் காட்டியதில்லை.

அந்தச் சமயத்தில்தான் என்னிடம் வந்து கேட்டாள்.

"அண்ணே, தகப்பனார் பேரு காலியா இருந்தா நீங்க என்ன எழுதுவீங்க?"

எங்கள் பக்கத்துப் பெண்கள் பலர் புருஷன் பேரை வாயால் சொல்ல மாட்டார்கள், கையாலும் எழுத மாட்டார்கள். அம்மாக்காரி பாரம் நிரப்பினால் அந்தக் கட்டம் காலியாகத்தான் வரும். நான் ரேஷன் கார்டை வாங்கிப் பார்த்து எழுதிக்கொள்வேன். இத்தனையும் தெரிந்துதான் சொன்னேன்.

"காலமானார்னு போடு."

நம்பிப் போட்டுவிட்டாள்.

பத்தாம் நாள் எரியோட்டிலிருந்து கண்ணுசாமி வந்து நின்றார். அவர் மகள் புவனேஸ்வரிக்குப் பாரம் நிரப்பியது அவர் சம்சாரம் கண்ணம்மாள். பெண் பார்க்க வருவதாக இருந்த ஒட்டன்சத்திரத்து மாப்பிள்ளை வீட்டார் வெப்சைட்டைப் பார்த்துவிட்டு, தகப்பன் இல்லாத வீட்டில் பெண் எடுப்பதில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம்.

"என்னைய எப்பப்பா தூக்குனீக? கருமாதிச் சோறுகூட எனக்குப் போடலையே" என்றார்.

அருளப்பன் இளவேனிலை நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார். அவள் என்னை ஒரு தடவை பார்த்தாள்; காட்டிக்கொடுக்கவில்லை. அந்த வரியில் 'காலமானார்' என்பதை அழித்துவிட்டு 'நேரில் கேட்கவும்' என்று அடித்தாள். பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். வேலை போகிற நேரத்திலும் வேலையை முடித்துவிட்டுத்தான் எழுந்தாள். அதற்கும் எனக்குப் பொறாமைதான் வந்தது. ஆனால் வாய் சும்மா இருக்கவில்லை.

"நாந்தான் அப்படிப் போடச் சொன்னேன். தெரிஞ்சேதான் சொன்னேன்."

அருளப்பன் அவளை உட்காரச் சொன்னார். என்னைப் பார்த்து, இந்த மனுஷனை ஒட்டன்சத்திரத்துக்குக் கூட்டிப்போய் உயிரோடு காட்டிவிட்டு வா என்றார்.

மாப்பிள்ளை வீட்டு வாசலில் நின்று, இவர்தான் பெண்ணின் அப்பா, தப்பு என்னுடையது என்றேன். உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்து, ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருவதாகச் சொன்னார்கள். காப்பி வந்தது. கண்ணுசாமிக்கு ஒரே சந்தோஷம். தன்னை இரண்டே நிமிஷத்தில் பிழைக்க வைத்த பொண்ணு என்று, அங்கேயும் இளவேனிலைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்.