முலாம் போன றேசர்

பக்கத்து வீட்டு வடிவேலண்ணைக்குக் கோபம் வந்தால் பருத்தித்துறைச் சந்தை வரைக்கும் கேட்கும். கப்பலில் வேலை செய்த காலத்தில் துறைமுகம் துறைமுகமாகப் தாடி வழிக்கிற பழைய றேசர்களை வாங்கிச் சேர்த்த மனிசன். எல்லாம் ஒரு பக்கம் மட்டும் கூருள்ள பிளேட் போடுகிறவை. எனக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும். அவரோ றேசரின் தலையைத் திறந்து, அதன் சீப்புப் பற்களைத் தடவி, இது முந்தினது, இது பிந்தினது என்று பிரித்துவிடுவார். அதில் ஒன்றுதான் முதன்முதலில் வந்த வகை என்று சொல்லி, கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார். ஒருவரையும் தொட விடமாட்டார்.

கார்த்திகை விளக்கீட்டுக்காகக் குத்துவிளக்குகளை மினுக்கிய அவருடைய மனைவி பவளராணி, அந்தக் கண்ணாடிப் பெட்டி றேசரையும் எடுத்துப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்துவிட்டார். வெள்ளை முலாம் கழன்று பித்தளை தெரிந்தது.

“உனக்கென்ன கண் பொட்டையே? முலாம் போனா இது முதல் வகையெண்டு இனி எவன் நம்புவான்?”

“கறுத்துப்போய்க் கிடந்தது. இப்ப மினுங்குதெல்லோ. விளக்கோட சேர்த்து வையுங்கோவன்.”

அண்ணை அதைப் பறித்துக்கொண்டு வெளிச்சத்துக்கு வந்தார். நானும் எட்டிப் பார்த்தேன். றேசரின் கழுத்தைச் சுற்றி ஈயம் பற்றவைத்த தடம். பிந்தின வகையின் தலையைப் பழைய பிடியில் ஒட்டி, தடம் தெரியாமல் மேலே முலாம் பூசி, எவனோ அவருக்கு விற்றிருக்கிறான். எனக்கே பற்றிக்கொண்டு வந்தது.

“கள்ளன். இவ்வளவு காலமும் இதைச் சாமி மாதிரி வைச்சிருந்திருக்கிறன்.”

“அவனை ஏசுறது சரி. என்னை ஏசினதுக்கு என்ன சொல்லுறியள்?” என்றார் பவளராணி.

அண்ணை றேசரின் தலையைத் திறந்தார். பிளேட் ஒன்றைச் செருகிக்கொண்டு கிணற்றடிக்குப் போய், முதல்முறையாக அதால் தாடியை வழிக்கத் தொடங்கினார், முகம் கடுகடுத்தபடியே.