ரத்தத்தில் ஒன்றுமில்லை

என் அண்ணன் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குபவர். நான் காரைக்காலில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். ஒரே மதிலுக்குள் இரண்டு வீடு. அப்பா போன பிறகு நாங்கள் பேசிக்கொண்டதெல்லாம் சண்டைதான்.

ஒருநாள் அண்ணி என்னைக் கொல்லைப்பக்கம் கூப்பிட்டார். "ரெண்டு மாசமா அவங்களுக்கு வெளிக்குப் போறப்ப ரத்தம் போவுது. யாருகிட்டயும் சொல்லக் கூடாதுங்கிறாங்க."

நேராக அண்ணனிடம் போனேன். "குடலுக்குள்ள கேமரா விட்டுப் பாக்கணும்ணே. நாளைக்கே கிளம்புங்க."

அவர் ஒரு தாளை எடுத்து என் முன்னால் விட்டெறிந்தார். பாரிஸில் இருக்கும் மகன் ஏற்பாடு செய்த சோதனை. புற்றுக்கட்டி இருந்தால் அதன் டி.என்.ஏ. துணுக்குகள் ரத்தத்தில் கலந்திருக்கும்; அதைத் தேடுகிறார்கள். ஒன்றும் தென்படவில்லை என்று இருந்தது.

"ஒரு குழா ரத்தத்துல எல்லா கேன்சரும் தெரிஞ்சிடும். நீ ஊசி போட்டவ, உனக்கு எங்க புரியப் போவுது?"

"சின்னக் கட்டின்னா ரத்தத்துல தெரியாமலும் போவலாம். கீழயே எழுதியிருக்கு பாருங்க."

"நான் சாவணும்னு உனக்கு ஆசை. வெளிய போ."

போனேன். நான்கு மாதம் அவர் மெலிவதை ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தேன். மறுபடி போய்ச் சொல்லியிருக்கலாம். வீம்பு விடவில்லை.

ஒரு காலையில் குளியலறையில் மயங்கி விழுந்தார். நானும் அண்ணியும் புதுச்சேரிக்குக் கொண்டுபோனோம். பெருங்குடலில் கட்டி. படுக்கையருகே குனிந்து கேட்டேன்: "அந்தப் பேப்பர் எங்கண்ணே?" அண்ணி என் கையைப் பிடித்து இழுத்தார். அண்ணன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். கேட்டபோது எனக்கு இனித்தது. அதை மறைக்க முடியாது.

கட்டியை வெட்டி எடுத்த பிறகு டாக்டர் சொன்னார்: "இந்தக் கட்டியோட டி.என்.ஏ. அடையாளம் இப்ப நம்மகிட்ட இருக்கு. அதையே ரத்தத்துல தேடுவோம். மிச்சம் இருந்தா ஸ்கேனுக்கு முன்னாடியே தெரியலாம். ஆனா ஸ்கேனையும் விட்டுடக் கூடாது." அண்ணன் பள்ளிப்பிள்ளை மாதிரித் தலையாட்டினார்.

வீட்டில் ரத்தம் எடுக்கும் நாளில் நான் போய் நின்றேன். "இவ கை என்மேல படக் கூடாது" என்றார் அண்ணியிடம். லேபிலிருந்து வந்த பெண்ணுக்கு நரம்பு அகப்படவில்லை. மூன்று முறை குத்தினாள். பல்லைக் கடித்துக்கொண்டார், என்னைக் கூப்பிடவில்லை.

ரத்தத்தில் ஒன்றுமில்லை என்று முடிவு வந்ததை அண்ணிதான் வந்து சொன்னார். ஸ்கேனிலும் இல்லையாம். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் அந்த வீட்டு வாசலை நான் மிதிக்கவில்லை.