அடுத்த வளவுக் கிணறு

போன கார்த்திகை மழையில், ஒருநாள் விடிந்தபோது எங்கள் முற்றத்தில் தண்ணீர் தொடையளவு நின்றது. வாசலில் இருந்த ஒடுங்கிய ஒழுங்கை ஆறுபோல ஓடியதால் அந்தப் பக்கம் போக வழியில்லை. அடுத்த வளவுக்குள்ளால் போனால் வீதியில் ஏறிவிடலாம். வளவுக்காரர் கனடாவில் இருக்கிறார். பல வருடங்களாகப் பற்றை மண்டிய அந்தக் காணிக்குள் ஒரு பழைய தோட்டக் கிணறு இருந்தது. சுற்றுக்கட்டு இல்லாதது, நிலத்தோடு நிலமாக வாயைத் திறந்தபடி கிடப்பது. அது எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்தேன்.

கையில் ஒரு தடியோடு நான் முன்னால் நடந்தேன். மற்றக் கையால் பின்னால் வந்த மகளின் மணிக்கட்டைப் பிடித்திருந்தேன். அவளுக்குப் பின்னால் மனைவி. "நான் கால் வைச்ச இடத்திலைதான் நீயும் வைக்கோணும், பிள்ளை. அங்காலை இஞ்சாலை போகக்கூடாது" என்று சொன்னேன். மகள் பத்தாம் வகுப்பு படிக்கிறவள், சொன்னதை அப்படியே செய்தாள். கிணற்றுக்கு அடையாளமாக நான் வைத்திருந்தது வேலியோரப் பூவரசு. வேலி வெள்ளத்தில் சரிந்து, பூவரசையும் கொஞ்சம் இழுத்துக்கொண்டு போயிருந்தது. அது எனக்குத் தெரியாது. கிணற்றின் விளிம்பை நான் மிதித்துக் கடந்தேன். அடுத்த கணம் என் பிடிக்குள் இருந்த மணிக்கட்டு கீழே போனது. மகள் கழுத்துவரை தாழ்ந்தாள். நான் கையை விடவில்லை. மனைவி அவளுடைய பின்னலைப் பிடித்து இழுத்தாள். இழுத்தெடுத்துவிட்டோம். ஒரு செருப்பு மட்டும் போனது. அரை மணித்தியாலத்தில் பள்ளிக்கூட மண்டபத்தில் எல்லோரோடும் இருந்து பாணும் பருப்பும் சாப்பிட்டோம்.

வெள்ளம் வடிந்த பிறகு அரசாங்கத்துக்குச் சேத விபரம் எழுத விதானையார் வந்தார்.

"உங்கடை வீட்டிலை என்ன மாதிரி?"

"சுவர் ஊறிப்போச்சு. ரெண்டு கோழி."

"ஆக்களுக்கு?"

"ஒண்டுமில்லை."

அது உண்மைதான். ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு என் மகள் தனியாக நடக்கவில்லை.

முதலில் நான் கவனிக்கவில்லை. முற்றத்தில் இறங்கும்போது நான் இறங்கும்வரை காத்திருப்பாள். நான் இறங்கினால் பின்னால் வருவாள், கண்கள் என் குதிகாலில் இருக்கும். காய்ந்த நிலம், பட்டப்பகல், கோழி மேய்கிற முற்றம். ஆனாலும் நான் வைத்த அடியில்தான் அவளுடைய அடி. தை மாதம் பள்ளிக்கூடம் தொடங்கியபோது வாசல்வரை நான் முன்னால் போகவேண்டியிருந்தது. மழை இருட்டினால் அதுவும் இல்லை, வீட்டில்தான். அலுவலகத்துக்கு அடிக்கடி பிந்தினேன். பாதிநாள் லீவு போட்டேன். வகுப்பு ஆசிரியை கூப்பிட்டு, "இந்த வருசம் சோதினை. இப்பிடியே விட்டால் பிள்ளை வீட்டோடை நிண்டிடும்" என்றார்.

மனைவி இரண்டு தடவை கேட்டுவிட்டாள். "இஞ்சருங்கோ, அவளை விட்டுப் பாருங்கோவன். எத்தினை நாளைக்கு முன்னாலை நடக்கப்போறியள்?" பயந்த பிள்ளையை எப்படி விடுவது என்று நான் கோபித்தேன். அவள் என் பின்னால் வந்தால் எனக்கு நெஞ்சு ஆறியது என்பதை மனைவிக்குச் சொல்லவில்லை.

எங்கள் ஒழுங்கை முழுவதும் அப்படித்தான் இருந்தது. பங்குனி வெயிலிலும் முன்வீட்டு மாமியின் குளிர்சாதனப் பெட்டி நான்கு கல்லின் மேல் நின்றது. எங்கள் வீட்டில் அரிசிப் பை மேசையில்தான். கடையடியில் கதைத்துக்கொண்டு நிற்கிறவர்கள் தகரத்தில் நாலு துளி விழுந்ததும் கதையை நிறுத்தி ஒழுங்கையைப் பார்ப்பார்கள். பிறகு யாராவது ஒருவர் பகிடி விடுவார், கதை தொடரும். ஒருவரும் அதைப் பற்றிக் கேட்கமாட்டார்கள்.

மச்சான் மட்டும் கேட்டான். மனைவியின் தம்பி அவன், வாய் சும்மா இருக்காது. "செல்லடிக்குள்ளாலை மூண்டு தரம் இடம்பெயர்ந்த ஆள். உந்தத் தொடையளவு தண்ணிக்கு இப்பிடி நடுங்கிறியள் அத்தான். தவளை கேட்டால் சிரிக்கும்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தக் கேள்வி எனக்குள்ளும் இருந்தது. போர்க்காலத்தில் செல் குண்டு வரும்போது சத்தம் வரும். படு என்று சொல்ல ஒரு நொடி கிடைக்கும். பங்கருக்குள் எல்லோரும் ஒரே பயத்தோடு இருந்தோம். யாரும் யாரையும் பார்த்துச் சிரிக்கவில்லை. தண்ணீர் சத்தம் போடாது. அது முற்றத்தையும் கிணற்றையும் ஒன்றாக்கிவிட்டு, பார்க்க அழகாக, வானத்தைக் காட்டிக்கொண்டு நின்றது. அந்தக் காலத்தில் நான் பிள்ளையாக இருந்தேன், தகப்பனாக இல்லை என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

கடைசியில் மனைவிதான் மகளையும் என்னையும் ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். தெரிந்த முகம் எதுவும் கண்ணில் படக்கூடாது என்று நான் வாங்கின் ஓரத்தில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தேன். டொக்டர் இளம் பெண். மகளோடு நெடுநேரம் கதைத்தார். பிறகு எங்களை உள்ளே கூப்பிட்டு, "அம்மா அப்பாவுக்கு முன்னாலை சொல்லுங்கோ. என்ன வேணுமெண்டு சொன்னனீங்கள்?" என்றார்.

"எனக்கு அந்தக் கிணத்தைப் பாக்கோணும்."

நான் உடனே "அது சரிவராது" என்றேன். டொக்டர் என்னைப் பார்த்தார். "பிள்ளை ஏலுமெண்டு சொல்லுறா. அவவின்ரை வேகத்திலை, நீங்கள் பக்கத்திலை நிண்டு காட்டுங்கோ" என்றார்.

அந்தக் கிணற்றைத் தூர்த்துவிடுவது என்று நான் எப்போதோ முடிவுசெய்திருந்தேன். பழைய தகரங்களால் மூடியும் வைத்திருந்தேன். கனடாவில் இருக்கிற வளவுக்காரருக்குப் போன் எடுத்துக் கதைத்தேன்.

"அண்ணை, தூர்க்கிற கதையை மட்டும் கதையாதேங்கோ. அது நல்ல தண்ணிக் கிணறு. காணி உறுதியிலை நாலு பேருக்குப் பங்கிருக்கு. தண்ணிக் கிணத்தைத் தூர்த்தால் என்னை ஆரும் மதிக்கமாட்டினம்" என்றார். "சின்னனிலை நான் அதுக்குள்ளை குதிச்சு நீந்தினனான்."

என் மகள் அதற்குள் போன கதையைச் சொன்னேன். அவருக்கும் ஏதோ உறைத்திருக்கவேண்டும். "வேணுமெண்டால் வடிவாய் ஒரு கட்டுக் கட்டுவம் அண்ணை. செலவு என்ரை" என்றார்.

கட்டுவதற்கு முன் கிணற்றை இறைத்துச் சுத்தமாக்கவேண்டும் என்றார் மேசன். சித்திரை வெயிலில் மோட்டரைப் பூட்டினார்கள். மகள் என் பின்னால், என் அடிகளில் கால் வைத்து வந்தாள். விளிம்புக்குக் கொஞ்சம் தள்ளி நின்றோம். நான் அவளுடைய மணிக்கட்டைப் பிடித்திருந்தேன். தண்ணீர் இறங்க இறங்கக் கல்லடுக்கு தெரிந்தது, பாசி தெரிந்தது. பிறகு அடி. நான் மனதுக்குள் வைத்திருந்த கிணற்றுக்கு அடியே இல்லை. இதற்கு இருந்தது. சேறு, நாலைந்து தேங்காய், ஒரு நீலப் பிளாஸ்டிக் கதிரை.

"அம்மா, உங்கடை கதிரை."

மனைவி எட்டிப் பார்த்தாள். "அட கடவுளே. முன்வீட்டு மாமிதான் எடுத்தவ எண்டு நான் எவ்வளவு பேசிப்போட்டன்."

மகள் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை மாதம். கதிரைக் காலுக்குப் பக்கத்தில் செருப்பும் கிடந்தது.

பிறகு அவள் விளிம்பில் ஓரிடத்தைக் காட்டினாள். கல் பெயர்ந்து, மண் சரிந்து, கடித்தெடுத்ததுபோல் இருந்தது.

"உதிலைதான் அப்பா. நீங்கள் மிதிச்ச இடத்திலைதான் நானும் வைச்சனான். நீங்கள் மிதிக்கக் கல் கிளம்பிப்போச்சு. நான் வைக்கேக்கை அது இல்லை."

குற்றமாகச் சொல்லவில்லை. கணக்குச் செய்து காட்டுவதுபோலச் சொன்னாள். எனக்கு அது அன்றைக்கே தெரியும். அவளுக்குத் தெரியக்கூடாது என்றுதான் தகரத்தால் மூடியிருந்தேனோ என்னவோ. தெரிந்துகொண்டும் இவ்வளவு காலம் ஏன் என் பின்னால் வந்தாள் என்று கேட்டேன்.

"நீங்கள் திரும்பித் திரும்பிப் பாத்தியள். நான் பின்னாலை இல்லையெண்டால் உங்கடை முகம் ஒருமாதிரிப் போகும்" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "எனக்கும் பயம்தான்" என்றாள்.

மணிக்கட்டை மெல்ல இழுத்தெடுத்தாள். "நான் முன்னாலை போறன்" என்று சொல்லி, பற்றைக்குள் தானாக வழி பார்த்து நடந்தாள். இரண்டு இடத்தில் நின்று காலால் நிலத்தை அழுத்திப் பார்த்தாள். நான் பின்னால் போனேன்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். கிணற்றுக்கு இப்போது இடுப்பளவு கட்டு இருக்கிறது. அரிசிப் பை இன்னும் மேசையில்தான். மகள் சைக்கிளில் தனியாகப் பள்ளிக்கூடம் போகிறாள். வாசல் படலையிலிருந்து பார்த்தால் ஒழுங்கைத் திருப்பம்வரைதான் தெரியும். திருப்பத்தைக் கடந்ததும் மணி அடிப்பது என்று எங்களுக்குள் ஓர் ஒப்பந்தம். மணி கேட்டபின் நான் உள்ளே போவேன்.

இந்த ஐப்பசியின் முதல் பெருமழை ஒரு காலையில் தொடங்கியது. இன்றைக்கு நிற்கச் சொல்லலாமா என்று வாய்வரை வந்தது. அவள் மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு சைக்கிளை உருட்டினாள். "உள்ளை போங்கோ அப்பா, நனையிறியள்" என்றாள். திருப்பத்தில் மறைந்தாள். நான் காது கொடுத்து நின்றேன். தகரத்திலும் வாழை இலையிலும் மழை அடித்த சத்தத்தில் மணி கேட்கவில்லை. அடித்திருப்பாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, படலையைச் சாத்திவிட்டு உள்ளே போனேன்.