அடிப்பதற்காகக் கூப்பிட்டேன்

சிட்டுவைக் கொன்றவன் நான்.

லாரிச் சக்கரம் ஏறிச் செத்தது என்றுதான் ஊரில் பேச்சு. லாரியை ஓட்டிய வெள்ளியங்கிரியும் அப்படித்தான் நம்புகிறான். அவனை அப்படி நம்பவிட்டவனும் நான்தான். அவனிடம் சொல்லத் துணிவில்லை... அதனால் உங்களிடம் சொல்கிறேன்.

கிணத்துக்கடவிலிருந்து உள்ளே போகிற பாதையில் எங்களுக்கு ஒரு கொப்பரைக் களம் இருக்கிறது. உடைத்த தேங்காயைச் சிமென்டுத் தளத்தில் பரப்பிக் காயவைத்து, காய்ந்த தேங்காய்ப் பருப்பை எண்ணெய் ஆலைக்கு லாரியில் ஏற்றி அனுப்புவோம். காக்கையும் மயிலும் இறங்கிப் பாழாக்கும். விரட்ட ஒரு நாய் வேண்டுமென்று பேசிக்கொண்டிருந்தபோது, வேலைக்கு வருகிற பெண்ணொருத்தி முந்தானையில் சுருட்டிக் கொண்டுவந்த குட்டிதான் சிட்டு. காது மட்டும் பெரிது. மற்றதெல்லாம் என் உள்ளங்கை அளவு!

கூப்பிட்டால் வர வேண்டும். மற்றதெல்லாம் தானாகப் படியும் என்பது என் எண்ணம். டீயில் நனைத்த வர்க்கி ரொட்டித் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு குந்தி உட்காருவேன். “வாங்க சாமி... வாங்க கண்ணு...” என்பேன். எங்கள் பக்கத்தில் கன்றுக்குட்டிக்குக்கூட மரியாதை உண்டு. சிட்டு தன் கால் தன்னையே தடுக்க உருண்டடித்துக்கொண்டு வரும். சீக்கிரமே வர்க்கி இல்லாமலும் வந்தது. குரல் போதும்!

வருகிறவர் போகிறவருக்கெல்லாம் கூப்பிட்டுக் காட்டினேன். வெள்ளியங்கிரி ஒருநாள் பார்த்துவிட்டு, “ஏனுங்ணா, எங்கூட்டுக்காரி கூப்புட்டா நானே இத்தன வெரசலா வர மாட்டனுங்க!” என்றான். களமே சிரித்தது. எல்லோரையும்விட நான்தான் அதிகம் சிரித்தேன்.

அப்புறம் ஒருநாள், காய்ந்து ஏற்றத் தயாராயிருந்த பருப்பின் மேல் அது சிறுநீர் கழித்துவிட்டது. ஆலையிலிருந்து வந்தவர் பார்த்து முகம் சுளித்தார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. சிட்டு தூரத்தில் மட்டையைக் கடித்து விளையாடிக்கொண்டிருந்தது. கத்தினால் ஓடிவிடும். நான் என்ன செய்தேன் தெரியுமா? வழக்கம்போலக் குந்தினேன். “வாங்க சாமி...” என்றேன்.

வந்தது. வாலை ஆட்டிக்கொண்டு வந்தது! பிடரியைப் பிடித்து ஈர்க்குமாற்றால் வெளுத்தேன்.

அதே குரலில் ஏன் கூப்பிட்டேன்? நான் எத்தனையோ முறை என்னையே கேட்டுக்கொண்ட கேள்வி இது. எங்கள் பக்கத்து ஆட்களுக்குக் கோபம் ஏற ஏறப் பேச்சில் தேன் வடியும். “ஏனுங்க, கொஞ்சம் இப்புடி வந்துட்டுப் போங்க” என்று நான் சொன்னால் வேலையாட்களின் முகம் வாடிவிடும். திட்டு காத்திருக்கிறதென்று அவர்களுக்குத் தெரியும். யாரையும் ‘டா’ போட்டதில்லை என்று பெருமையாகத் திரிந்தவன் நான். மனிதர்களுக்கு அந்த இனிப்பின் உள்ளே இருப்பது தெரியும். அந்தக் குட்டிக்கு என்ன தெரியும்?

என் மனைவி சாந்தாமணி பார்த்துக்கொண்டு நின்றாள். “அடிக்கோணும்னா எந்திரிச்சுப் போயி அடிங்க. கூப்புட்டுப்போட்டு அடிக்காதீங்க. அப்பறம் எதை நம்பி அது வரும்?” என்றாள்.

“நாய்க்கு நீங்க வக்கீலாக்கும்?” என்றேன்.

நான் படித்தவனல்லன். டீக்கடையிலும் பஸ்ஸிலும் நாலு பேர் சொல்கிற நல்ல வார்த்தைகளைப் பொறுக்கிச் சேர்த்துத்தான் பேசவே கற்றேன். யார் யாரோ சொன்னதையெல்லாம் சேர்த்துவைத்தவன், வீட்டுக்காரி சொன்ன அந்த ஒரு வார்த்தையைக் கீழே போட்டுவிட்டேன்.

அதற்குப் பிறகும் கூப்பிட்டு அடித்தேன். ஒருமுறை அல்ல... சிட்டுவின் வருகை மாறியது. பாதி வழியில் நிற்கும். வயிற்றைத் தரையோடு தாழ்த்தும். என் முகத்தைப் பார்க்காது; கையைப் பார்க்கும். திமிர் வந்துவிட்டது என்று நினைத்தேன். எப்பேர்ப்பட்ட அறிவு எனக்கு!

போன கோடையில் ஒரு மதியம். வெள்ளியங்கிரி லாரியைப் பின்னால் எடுக்கத் தொடங்கினான். “வரலாம்... வரலாம்...” என்று வழி காட்டியவன் நான். களத்தைக் கூட்டிக்கொண்டிருந்ததால் ஈர்க்குமாறு கையிலேயே இருந்தது. பின்சக்கரத்துக்கு அருகே, நிழலில், சிட்டு படுத்திருந்தது.

லாரியின் பக்கவாட்டில் ஒரு தட்டுத் தட்டியிருந்தால் அவன் நிறுத்தியிருப்பான். நான் தட்டவில்லை. என் வளர்ப்பின் மேல் அவ்வளவு நம்பிக்கை! “வாங்க சாமி!” என்று கூப்பிட்டேன்.

எழுந்து வந்தது. கேளுங்கள்... அது வந்தது! சக்கரத்தின் பாதையைவிட்டு வெளியே, என்னை நோக்கி வந்தது. பாதியில் நின்றது. என் கையிலிருந்த ஈர்க்குமாற்றைப் பார்த்தது. திரும்பியது. என்னிடமிருந்து ஒளிந்துகொள்ள அந்த வெட்டவெளிக் களத்தில் ஒரே ஓர் இடம்தான் இருந்தது. லாரிக்கு அடியில் ஓடிப் புகுந்தது.

வெள்ளியங்கிரி குதித்து இறங்கினான். தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டான். “பாக்கலீங்ணா... சத்தியமா நான் பாக்கலீங்ணா...”

அப்போது நான் செய்ததுதான் எல்லாவற்றிலும் கேவலம். அவன் தோளில் கைவைத்து, “உடுங்க வெள்ளியங்கிரி. வேணும்னா பண்ணுனீங்க?” என்றேன். நான் செய்ததற்கு அவனை மன்னித்தேன்! சுற்றி நின்றவர்கள் என் பெரிய மனசைப் பாராட்டினார்கள். நானும் கேட்டுக்கொண்டு நின்றேன்.

“நீங்க கூப்புடலீங்களா?” என்று சாந்தாமணி கேட்டாள்.

“கூப்புட்டேன். வரலை.”

அவள் மேற்கொண்டு ஏதாவது கேட்டிருக்கலாம்... அன்றைக்கே உடைந்திருப்பேனோ என்னவோ.

வெள்ளியங்கிரி இன்னும் வருகிறான். இப்போதெல்லாம் லாரியைப் பின்னால் எடுக்கும் முன் இன்ஜினை அணைத்துவிட்டு இறங்குகிறான். முட்டிபோட்டு, குனிந்து, இரண்டு பக்கமும் அடியில் பார்க்கிறான். எங்கள் களத்தில் மட்டுமல்ல, போகிற இடமெல்லாம். நேரமாகிறதென்று லாரி முதலாளி ஏசுகிறாராம். கூட வருகிற சுமைக்காரர், “என்ன மாப்ள, டயருக்குச் சாமி கும்புடறயா?” என்று கிண்டலடிக்கிறார். அவன் சிரித்துக்கொள்கிறான்.

தனியாக இருக்கும்போது என்னிடம் சொன்னான். “பாக்காம எடுக்கவே முடியறதில்லீங்ணா. இந்தத் தொழிலே உட்டரலாமான்னு பாக்கறனுங்க.”

‘நீ கொல்லவில்லையப்பா’ என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்?

“டீ குடிச்சுட்டுப் போங்க” என்றேன்.

நேற்றும் குனிந்து பார்த்தான். எழுந்து முட்டியிலிருந்த மண்ணைத் தட்டிவிட்டு, என் முகத்தைப் பார்த்து, “எடுக்கட்டுங்ளாண்ணா?” என்று கேட்டான்.

நான் தலையாட்டினேன்.