முதல் எறி

சிட்னியின் மேற்கே ஒரு பூங்காவில், பழங்கால ஐரோப்பியப் போர்முறைகளைக் காட்டும் விழாவில்தான் அவரைப் பார்த்தேன். ஐம்பது வயதிருக்கும். முழங்கால்வரை தொங்கும் பழுப்பு அங்கி, காலில் ரப்பர் செருப்பு. யாழ்ப்பாணத்துக்காரர். கோட்டைகள்மேல் கல்லெறியும் இரண்டு மரப்பொறிகள் அவர் பொறுப்பில் இருந்தன.

"ரெண்டுக்கும் என்ன வித்தியாசம் அண்ணா?" என்று கேட்டேன்.

"சின்னது, ஆக்கள் கயிறு பிடிச்சு இழுக்க எறியும். பெரியதில பாரப்பெட்டி இருக்கு. அது கீழ விழ, மற்றப் பக்கத்தால கல் பறக்கும். எத்தினை தரம் எறிஞ்சாலும் ஒரே இடத்திலதான் விழும்."

பெரியதை ஆறு மாதம் உழைத்து அவரே கட்டியிருந்தார். அன்றுதான் முதல் எறி. கூட்டம் காத்திருந்தது. எறியும் முன், கல் விழப்போகும் இடம்வரை நடந்து பார்த்துவிட்டு வருவது அவர் வழக்கமாம். அன்று போனவர் அங்கேயே குனிந்து நின்றுவிட்டார். நானும் போய்ப் பார்த்தேன். புல்லுக்குள் ஆள்காட்டிக் குருவி ஒன்று முட்டைகள்மேல் உட்கார்ந்திருந்தது.

"பெரிய பொறியைத் திருப்பி வைக்க முடியாதா?" என்று கேட்டேன்.

"ஏலாது தங்கச்சி. நிலத்தில இறுக்கிக் கிடக்கு. சின்னதைத்தான் திருப்பலாம்."

ஏமாற்றம் அவர் முகத்தில் தெரிந்தது. ஆனாலும் பாரப்பெட்டியிலிருந்த மணல் மூட்டைகளை ஒவ்வொன்றாக இறக்கினார். சின்னப் பொறியை வேறு திசைக்குத் திருப்பி, கூட்டத்தைக் கூப்பிட்டு ஆளுக்கொரு கயிறு கொடுத்தார். எனக்கும் ஒன்று கிடைத்தது. எல்லோரும் சேர்ந்து இழுத்தோம். கல் பக்கத்திலேயே பொத்தென்று விழ, பெரிய ஆரவாரம் எழுந்தது.

அவர் சிரித்தபடி உதட்டில் விரல் வைத்தார். "மெதுவாக் கத்துங்கோ. அங்க அடைகாக்குது."

பெயர் கேட்காமலே வந்துவிட்டேன். அந்தப் பெரிய பொறி பிறகு எப்போதாவது எறிந்ததா என்று இப்போதும் நினைத்துக்கொள்கிறேன்.