பிரபுவுக்கு எங்கள் எள்ளுத் தண்ணீர் இல்லை

சாம்பல்தீவில் மீன்பிடிக் குடும்பமொன்றில் பிறந்து, உப்புவெளியில் எங்களை வளர்த்து, சென்ற ஆண்டு இதே திதியில் கண்மூடிய எங்கள் அப்பா, தம் வாழ்நாளில் பெரும்பகுதியை ஓர்ஸ் ஹில்லில் ஓர் ஆங்கிலப் பிரபு குடும்பத்தின் பங்களாவைக் காவல் காத்தே கழித்தார். மூத்த மகள் என்பதால் இந்தத் திவச நினைவு மலரில் என்னை எழுதச் சொன்னார்கள். அந்தக் குடும்பத்தைப் பற்றி நல்ல வார்த்தை எதிர்பார்ப்பவர்கள் அடுத்த பக்கத்துத் தேவாரத்துக்குப் போய்விடலாம்.

தகப்பன் கடலோடு போனபோது அப்பாவுக்கு ஐந்து வயது. தகப்பன் வழி உறவுகளில் பெரும்பாலானவையும் திசைக்கொன்றாய்ப் போயின. பதினாறு வயதில் பங்களாவில் தோட்டவேலைக்குச் சேர்ந்தவர், பிறகு அங்கே காவலாளியானார்.

பங்களா மண்டபத்தில் அந்த வம்சத்தின் ஆறு தலைமுறைப் படங்கள் தொங்கின. சனிக்கிழமைகளில் அப்பா என்னையும் தம்பியையும் கூட்டிப்போய்த் தூசி தட்டவைத்து, ஒவ்வொரு பெயரையும் பாடமாக்கச் செய்வார். முதலாமவர் அரசனுக்குக் காணி பறித்துக் கொடுத்துப் பட்டம் வாங்கியவர். அவருடைய மகன் பாராளுமன்றத்தில் நித்திரை கொண்டே கிழவனானவர். பேரன் மந்திரி, வீடில்லாத ஏழைகளுக்காகக் கண்ணீர் விட்டுப் பேசினாராம். அவருக்கோ சொந்த ஊரில் மாளிகை, பாராளுமன்றம் கூடும் மாதங்களுக்கு ஒரு வீடு, வேட்டைக்கு ஒரு வீடு, இளைப்பாற எங்கள் துறைமுகத்தைப் பார்த்தபடி ஒரு வீடு! இவர்களில் ஒருவராவது தன் கையால் ஒரு கதவைப் பூட்டியிருப்பாரா? அதற்குத்தானே எங்கள் அப்பா இருந்தார்.

நான் சிரித்தால் அப்பாவுக்குப் பிடிக்காது. "பெரிய மனுசர், பிள்ளை. கண்டபடி கதைக்கப்படாது" என்பார்.

சண்டைக் காலத்தில் அந்தப் பெரிய மனுசர் ஒருவரும் இந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை. செல் குண்டுகள் விழுந்த நாட்களிலும் அப்பா அங்கேதான் கிடந்தார். சமாதானம் வந்ததும் அந்தக் குடும்பத்துப் பேரப்பிள்ளைகள் விமானமேறி வந்து, முதல் வேலையாக அலுமாரியைத் திறந்து பீங்கான் கோப்பைகளை எண்ணினார்கள். ஒன்றும் குறையவில்லை என்று அப்பா பெருமையாகச் சொன்னார். எனக்குப் பற்றி எரிந்தது.

அப்பா மூச்சுவிட ஏலாமல் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அவர்களுக்கு அறிவித்தோம். எல்லாம் முடிந்த பிறகு பதில் வந்தது: சாவி இப்போது யாரிடம்? தூ! இவர்களும் மனுசரா? சாவியைப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். கூட ஒரு வரி எழுதவில்லை.

முப்பத்தோராம் நாள் கடற்கரையில் அந்தியேட்டிக் கிரியை. எள்ளும் தண்ணீரும் இறைக்க ஐயர் மூன்று தலைமுறைப் பெயர் கேட்டார். தம்பி அப்பாவின் பெயரைச் சொன்னான். பிறப்புச் சான்றிதழில் இருந்த அப்பப்பாவின் பெயரையும் சொன்னான்.

"அப்பப்பான்ட தகப்பன், பூட்டன்ட பேர்?" என்றார் ஐயர்.

தம்பி வாயைத் திறந்தான். வந்தது அந்த மந்திரிப் பிரபுவின் முழுப் பெயர், பட்டத்தோடு.

ஐயர் நிமிர்ந்து பார்த்தார். "உங்கட பூட்டன் சேர்ச்சுக்குப் போற வேதக்காரரோ?"

"நிப்பாட்டுங்கோ ஐயா!" என்று கத்திவிட்டேன். "அந்த ஆள் எங்களுக்கு ஒருத்தருமில்லை. ஒரு சொட்டுத் தண்ணியும் அவருக்கு இறைக்க வேண்டாம்!"

தம்பி அழுதான். "அக்கா, வேற பேர் ஒண்டும் வாயில வருகுதில்லை. அப்பா எங்களுக்குச் சொல்லித்தந்தது இதுகளைத்தானே."

என் வாழ்க்கையில் அன்றுதான் அப்பாமீது கோபம் வந்தது. "பேர் தெரியாட்டில் சிவன்ட பேரைச் சொல்லுவம், பிள்ளை" என்று ஐயர் காரியத்தை முடித்துவைத்தார். என் மனம் ஆறவில்லை.

ஆஸ்பத்திரியில் முறைவைத்து அப்பாவைப் பார்த்த அயலவர்களுக்கும், பாடை சுமந்தவர்களுக்கும், செத்தவீட்டு எட்டு நாளும் எங்கள் குசினியில் அடுப்பு மூட்டத் தேவையில்லாதபடி சோறு கொண்டுவந்த உப்புவெளிப் பெண்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

இந்த மலரைக் கையில் வைத்திருக்கும் சாம்பல்தீவு உறவுகளே, இன்னும் கொஞ்ச நேரத்தில் தம்பி திவசத்துக்கு உட்காருவான். ஐயர் மறுபடியும் கேட்பார். எங்கள் அப்பப்பாவின் தகப்பனுக்கு என்ன பெயர்? உங்களில் ஒருவருக்காவது தெரிந்தால், வெட்கப்படாமல் எழுந்துபோய் அவன் காதில் சொல்லுங்கள்.