கரண்ட் போகட்டும் தாயே

கையை விட்டால் இரண்டு பெட்டியும் கீழே உட்கார்ந்திருப்பவர்கள் தலையில் விழும். விடாமல் பிடித்திருக்கவோ கையில் தெம்பில்லை. பட்டப்பகலில், ஊரே கூடியிருக்கும் இடத்தில், உதவிக்கு ஓர் ஆள் இல்லாமல் நான் மாட்டிக்கொண்டு நின்றேன். அதைத்தான் சொல்லப் போகிறேன். அம்மனை நம்புகிறவர்கள் கேளுங்கள். நம்பாதவர்கள் கேட்டாலும் குற்றமில்லை. அன்று காலை வரை நானும் அந்தப் பக்கத்து ஆள்தான்.

திண்டிவனத்தில் எனக்கு மைக்செட் கடை. எண்பதுகளின் நடுவில் நடந்தது இது. அதுவரை மரத்திலும் மூங்கிலிலும் கோன் குழாய் கட்டிப் பிழைத்தோம். பிறகு பெரிய பெட்டி ஸ்பீக்கர் மோகம் வந்தது. பெட்டியைத் தரையில் வைத்தால் முன்னால் இருப்பவன் காது கிழியும், பின்னால் இருப்பவனுக்கு ஒன்றும் கேட்காது. அதனால் விழுப்புரத்தில் ஒரு லேத்துப் பட்டறையில் சொல்லி, இரும்பு ஸ்டாண்டு ஒன்று செய்தேன். கைப்பிடியைச் சுற்றினால் ராட்டுச் சக்கரம் கம்பிக் கயிற்றை இழுக்க, பெரிய குழாய்க்குள் இருந்து சின்னக் குழாய் மேலே ஏறும். அதன் உச்சியில் குறுக்குக் கம்பி, அதில் சங்கிலி போட்டு இரண்டு பெட்டிகள் தொங்கும். வேண்டிய உயரம் வந்ததும் துளையில் கட்டைவிரல் பருமன் ஆணி ஒன்றைச் செருக வேண்டும்.

பட்டறைக்காரர் படித்துப் படித்துச் சொன்னார். "ராட்டு தூக்கறதுக்குத்தான். தாங்கறதுக்கு ஆணி. ஒருத்தன் சுத்தணும், ஒருத்தன் ஆணி போடணும். ஆணி இல்லாம கீழ ஒரு ஆட்டுக்குட்டிகூட நிக்கக் கூடாது, தெரிஞ்சிக்கோ."

தலையாட்டினேன். தலையாட்டுவதற்கு என்ன செலவு?

புது ஸ்டாண்டு முதன்முதலாகப் போனது ஒரு மாரியம்மன் கோயில் கும்பாபிஷேகத்துக்கு. திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவில், மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளிய ஊர். ஆவணி மாதம், வெள்ளிக்கிழமை. என் மனைவி பூஜை போட்டுத்தான் எடுத்துப் போக வேண்டும் என்றாள். சரி என்று நல்லெண்ணெய் தொட்டு ஸ்டாண்டு முழுக்கத் துடைத்தேன். ஆயுத பூஜைக்கு எல்லாச் சாமானையும் அப்படித்தானே துடைக்கிறோம்? சந்தனம், குங்குமம், எலுமிச்சம்பழம், எல்லாம் ஆயிற்று. ராட்டின் சக்கரத்தைப் பிடித்து நிறுத்துகிற பிரேக் கட்டைக்கும் எண்ணெய் காட்டியிருக்கிறேன் என்பது எனக்கு உறைக்கவே இல்லை. பக்தியும் இல்லை. பளபளவென்று இருக்கட்டும் என்ற பகட்டுதான்.

கோயிலில் பெட்டியை ஏற்றி, ஆணி போட்டு, சுற்றிலும் கயிறு கட்டிவிட்டோம். என் மனைவியின் தம்பி கோவிந்தன் கோயிலுக்குப் பின்னால் இருந்த அறையில் ஆம்ப்ளிஃபையரோடு உட்கார்ந்துவிட்டான். கலசத்துக்குத் தண்ணீர் ஊற்றும் நேரம் நெருங்கியது. தர்மகர்த்தா ஓடி வந்தார்.

"இன்னா மைக்கு, பெட்டி கோபுரத்த மறைக்குதுன்னு ஜனங்க பேஜாரு பண்றாங்க. ஜல்தி இன்னும் ரெண்டு முழம் ஏத்து!"

கோவிந்தனைக் கூப்பிட்டிருக்க வேண்டும். கூப்பிடவில்லை. ஒரு நிமிஷ வேலைதானே என்று ஆணியை உருவிக் காலடியில் வைத்துவிட்டுச் சுற்றினேன். ஏறியது. நிறுத்தினேன். நிற்கவில்லை. கைப்பிடி என் கையையே பின்னால் தள்ளியது. பிரேக் வழுக்குகிறது! இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தேன். குனிந்து ஆணியை எடுக்க மூன்றாவது கை வேண்டும்.

அந்த நேரம் பார்த்துக் கூட்டம் நெருக்கியது. நான் கட்டிய கயிற்றைத் தாண்டிப் பெண்கள் ஸ்டாண்டின் கீழேயே வந்து உட்கார்ந்தார்கள். பெட்டிக்கு நேர் கீழே மடித்த சேலை மேல் ஒரு கைக்குழந்தை தூங்கியது. அதன் தாய் கோபுரத்தைப் பார்த்துக் கைகளைத் தலைக்கு மேல் குவித்து நின்றாள். இறக்க வழியில்லை. மேலும் ஏற்றினால் பிடி வழுக்குகிறது. "நகருங்க, நகருங்க!" என்று கத்தினேன். என் தலைக்கு மேலேயே என் பெட்டிகளில் கோவிந்தன் போட்ட நாதஸ்வர கேசட் முழங்குகிறது. என் குரல் எனக்கே கேட்கவில்லை. எல்லார் கண்ணும் கோபுரத்தில்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. கேசட்டில் இரண்டு பாட்டு முடிந்து மூன்றாவது தொடங்கியிருந்தது. கை மரத்துவிட்டது. உடம்பு கிடுகிடுவென்று நடுங்கியது. வியர்வையும் கண்ணீரும் ஒன்றாக வழிந்தன. அப்போது நெற்றி நிறையக் குங்குமம் வைத்த ஓர் அம்மாள் என்னைத் திரும்பிப் பார்த்தார். அப்பாடா, பார்த்துவிட்டார் என்று நினைத்தேன். அவரோ என் முன்னால் விழுந்து கும்பிட்டார்! எனக்குச் சாமி வந்துவிட்டதாம். நான் கத்தக் கத்த அவர் மற்றப் பெண்களையும் கையசைத்து அழைத்தார். ஐந்து பேர் பத்துப் பேரானார்கள். அந்த அம்மாள் என் நெற்றியில் விபூதியை அள்ளிப் பூசினார். பாதி கண்ணில் விழுந்தது. ஏதோ கேட்டார், உதடு அசைந்தது மட்டும் தெரிந்தது. மகளுக்குக் குழந்தை எப்போது பிறக்கும் என்று குறி கேட்டாராம், பிறகு சொன்னார்.

அந்த நிமிஷம் எனக்கு எல்லாம் அற்றுப்போனது. நான் கொலைகாரன் ஆகப் போகிறேன் என்று நினைத்தேன். ஊர் ஊராக எத்தனையோ அம்மன் பாட்டை மைக்கில் அலறவிட்டவன், அவளை ஒரு நாளும் கூப்பிட்டதில்லை. கூப்பிட்டேன்.

"தாயே, உன் கும்பாபிஷேகம் கெட்டாலும் பரவாயில்லை. என் தொழில் போனாலும் போகட்டும். கரண்ட் போகட்டும் தாயே!"

மைக்செட்காரன் வாயில் வரக்கூடிய வேண்டுதலா இது? கரண்ட் போனால் எங்களுக்கு அடி விழும். ஆனாலும் வேறொன்றும் கேட்கத் தோன்றவில்லை.

நாதஸ்வரம் பாதியில் அறுந்தது.

ஊரே திகைத்து நின்ற அந்த அமைதியில் நான் அலறினேன். "எம்மா, எனக்கு சாமி வர்ல! பெட்டி விழப்போவுது! கொழந்தைய தூக்கிக்கினு ஓடுங்க!"

தாய் குழந்தையை வாரிக்கொண்டு ஓடினாள். பெண்கள் சிதறினார்கள். "மாமா, கரண்ட்டு பூட்ச்சி" என்று கத்திக்கொண்டே வந்த கோவிந்தன் என் முகத்தைப் பார்த்ததும் புரிந்துகொண்டான். ஆணியை எடுத்துக்கொண்டு நின்றான். நான் மெல்ல மெல்ல வழுக்கவிட்டேன். துளை நேராக வந்ததும் செருகினான். ஸ்டாண்டு குலுங்கி நின்றது. கைப்பிடியிலிருந்து என் விரல்களை அவன்தான் ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தான். அதற்குப் பிறகே கரண்ட் வந்தது.

ஊருக்கு இதெல்லாம் தெரியாது. கலசத்தில் தண்ணீர் விழுந்த நேரம் மேளச் சத்தம் இல்லாமல் போனதே, அபசகுனம் என்று அழுதார்கள். தர்மகர்த்தா என் மேல் பாய்ந்தார். "மானத்த வாங்கிட்டியேய்யா!" மின்சார இலாகா மேல் பழியைப் போட்டுவிட்டு நான் தப்பித்திருக்கலாம். மனசு கேட்கவில்லை. மைக்கை வாங்கினேன். ஆணியை உருவியதை, துணைக்கு ஆள் அழைக்காததை, நான் வேண்டியதை, அவள் கொடுத்ததை, அத்தனையும் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் தேம்பிவிட்டேன்.

தர்மகர்த்தா குழந்தையின் தாயைப் பார்த்தார், பெட்டிகளைப் பார்த்தார். "அபசகுனம் இல்லப்பா. தண்ணி ஊத்தும்போது அவளே வந்துட்டுப் போயிருக்கா" என்றார். பட்டறைக்காரர் மட்டும் விடவில்லை. மறுநாள் ராட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "எண்ணெய சாமிக்கு ஊத்துறா, பிரேக்குக்கு ஏண்டா ஊத்தினே?" என்று திட்டித் தீர்த்தார்.

அன்றிலிருந்து நான் வேறு ஆள். ஸ்டாண்டைத் தனியாக நான் தொட்டதில்லை. ஆணியோடு இன்னொரு சங்கிலியும் மாட்டுகிறேன். கயிற்றுக்குள் யார் காலை வைத்தாலும், மந்திரியே ஆனாலும், பாட்டு நின்றுவிடும். காப்பாற்றினாளே என்று அவளுக்குத் தினமும் அதே வேலையை வைக்கலாமா? வெள்ளிக்கிழமைதோறும் அந்தக் கோயிலில் போய் உட்கார்ந்து வருகிறேன். தாயோடு வந்த அந்தக் குழந்தையை ஒரு தடவை அங்கே பார்த்தேன். தத்தித் தத்தி நடந்து வந்து என் வேட்டியைப் பிடித்தது. நான் அழுதுவிட்டேன்.

உங்களில் எத்தனையோ பேர் கையை எடுக்க முடியாத இடத்தில் நின்றுகொண்டிருப்பீர்கள். சுற்றிலும் கூட்டம் இருக்கும், ஒருவருக்கும் கேட்காது. கேட்டாலும் வேறு எதையோ நினைத்துக் கும்பிட்டுவிட்டுப் போவார்கள். நீங்கள் அவளைக் கூப்பிடுங்கள். சத்தம் போடத் தெரிந்த ஒருவன் சொல்கிறேன், சத்தமே வேண்டாம். உதடுகூட அசைய வேண்டாம். அவளுக்குக் கேட்கும்.